திரியில்லா வாசனை

2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அமேசானில் விற்கும் வாசனை மெழுகுவர்த்திகளைப் பற்றி ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது: மணமே இல்லை. நெடுங்காலமாக நல்ல பெயர் வாங்கியிருந்த மெழுகுவர்த்திகளுக்குத் திடீரென்று ஒற்றை நட்சத்திரம் விழத் தொடங்கியது. அமெரிக்காவில் ஓர் இளம் ஆய்வாளர் வாடிக்கையாளர்கள் எழுதியதையெல்லாம் தொகுத்து வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். வாசனை மெழுகுவர்த்திகளின் மதிப்பு அந்த ஆண்டில் சரிந்துகொண்டே போயிருந்தது. வாசனையில்லாத மெழுகுவர்த்திகளுக்கு அந்த அளவு சரிவு இல்லை. விடையை ஊகிப்பது கடினமில்லை. கோவிட் தொற்று லட்சக்கணக்கானவர்களின் முகரும் திறனைப் பறித்திருந்த காலம் அது.

மணம் பாதி மெழுகில் இருக்கிறது, பாதி மூக்கில் இருக்கிறது. தொற்றே இல்லாத நல்ல மூக்குகூட ஒரே மணத்தில் கால் மணி நேரம் இருந்தால் அதை மறக்கத் தொடங்கிவிடும். திரியில்லாமல் சூடேற்றி உருக்கும் வாசனை மெழுகைப் பயன்படுத்துகிறவர்களில், அப்போது வாசனை தீர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு துண்டைப் போடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கூடுதல் வாசனையை மூக்கு கவனிக்காமல் விடலாம். நுரையீரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசனை மெழுகைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கியமானது இதுதான்: அதை ஆபத்தில்லாமல் பயன்படுத்தும் வழியும் நன்றாக மணக்க வைக்கும் வழியும் ஒன்றே. கொஞ்சமாக, மிதமான சூட்டில், சிறிது நேரம், காற்றோட்டத்தோடு.

வாக்ஸ் மெல்ட் என்ற பெயரில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைகடையாக விற்கும் இந்தப் பொருள் இன்று இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. திரியில்லாத சிறு மெழுகு வில்லை. ஆறு கட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் வருவதுதான் பரவலான வடிவம். ஒரு கட்டத்தின் எடை ஏறக்குறைய 12, 13 கிராம். ஒன்றைப் பிட்டு, வார்மர் எனப்படும் சூடேற்றியின் கிண்ணத்தில் வைத்தால் முதலில் அடிப்பக்கம் கண்ணாடிபோலத் தெளியும். பிறகு விளிம்புகள் மழுங்கும். நடுவில் ஒரு சிறு வெள்ளைத் தீவு மட்டும் மிதந்து, அதுவும் கரைந்ததும் கிண்ணம் முழுக்கத் தெளிந்த எண்ணெய்போல ஆகிவிடும். புகை கிடையாது, சுடர் கிடையாது. இந்தச் சுத்தமான தோற்றம்தான் அதன் பெரிய கவர்ச்சி. பின்னால் பார்க்கப்போவதுபோல, ஏமாறவைப்பதும் அதே தோற்றம்தான்.

மெழுகுவர்த்தியில் மெழுகுதான் எரிபொருள். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தி பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். சுடரின் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, அங்கிருந்து வெளியேறும் ஆவியைக் குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். திரியில் ஏறிய மெழுகு ஆவியாகித்தான் எரிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான செய்முறை கிடையாது. வாசனை வில்லையில் மெழுகுக்கு அந்த வேலையே இல்லை. அது வாசனை எண்ணெயைச் சுமந்து நிற்கிறது, அவ்வளவுதான். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் மெழுகின் மூலக்கூறு 20 முதல் 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி. ஏறக்குறைய 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகும், ஆனால் அந்தச் சூட்டில் ஆவியாகாது என்றே சொல்லலாம். சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிச் செய்யும் சோயா மெழுகும் அப்படியே. அதனால்தான் பத்து மணி நேரம் சூடாக்கிய பிறகும் கிண்ணத்தில் மெழுகு குறையாமல் நிற்கிறது, வாசனை மட்டும் போய்விடுகிறது. மெழுகு மிச்சமிருப்பதைப் பார்த்து வாசனையும் மிச்சமிருக்கும் என்று கணக்குப் போடக்கூடாது.

வில்லையின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வாசனை எண்ணெய் இருப்பது வழக்கம். அது பல மூலக்கூறுகளின் கலவை. எலுமிச்சை, ஆரஞ்சு மணம் தரும் லிமோனீன் 176 டிகிரியில் கொதிக்கும். லாவெண்டரின் லினலூல் 198 டிகிரியில் கொதிக்கும். வெனிலாவின் வெனிலினுக்கு 285 டிகிரி தேவை. கொதிநிலை இவ்வளவு உயரத்தில் இருந்தாலும் 60, 70 டிகிரியிலேயே இவை காற்றில் கலக்கின்றன. ஈரத்துணி காய்வதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லையே, அதுபோல. லேசானவை முதலில் கிளம்பும், கனமானவை கடைசியில் போகும். பழ மணத்தோடு தொடங்கிய வில்லை மூன்றாவது நாள் வெறும் வெனிலாவாக மணப்பது இதனால்தான். மல்லிகை என்று பெயர் ஒட்டிய வில்லையிலும் பூவின் சாறு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் சாதிமல்லியிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கும் சாறு உலகின் விலையுயர்ந்த அத்தர்களுக்குப் போகிறது. மலிவு விலை வில்லைக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே மல்லிகை வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஆலையில் செய்த பென்சைல் அசிட்டேட். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதே மூலக்கூறு பூவிலும் உண்டு. ஆரஞ்சுத் தோலில் பிழிந்த லிமோனீனும் வேதியியலில் லிமோனீன்தான். ‘இயற்கை எண்ணெய்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதாலேயே ஒரு வில்லை நுரையீரலுக்கு இதமாகிவிடாது.

சூடு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்த மூலக்கூறுகளின் ஆவி அழுத்தம், வார்மரின் வெப்பநிலை எல்லைக்குள், ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி ஏறும்போதெல்லாம் இரட்டிப்பாகிறது. 55 டிகிரியில் மணத்துக்கொண்டிருந்த கிண்ணத்தை 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஆவியாகும் வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காக எகிறும். முதல் அரை மணியில் வீடு அதிர மணக்கும், லேசான மூலக்கூறுகள் அத்தனையும் அதற்குள் செலவாகிவிடும். மறுநாள் கிண்ணத்தில் தேங்கி நிற்பது கனத்த, மந்தமான மிச்சம். மெழுகு உருகி நிற்கப் போதுமான சூட்டுக்கு மேல் ஒவ்வொரு டிகிரியும் வில்லையின் ஆயுளைத் தின்கிறது.

2003இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டே ஐடஹோ மாநிலத்துத் தம்பதியிடம் கைமாறிய சென்ட்ஸி நிறுவனம் இந்த வில்லைகளைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது. சுடருக்குப் பதிலாக ஒரு சின்ன குண்டு பல்பைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்ததுதான் அவர்கள் பிரபலமாக்கிய ஏற்பாடு. மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது என்று ஐரோப்பிய நாடுகள் 2009 முதல் படிப்படியாக ஒதுக்கிய அதே இழை பல்பு, இங்கே அந்த வெப்பத்துக்காகவே வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் எல்.இ.டி. பல்பைப் போட்டால் வெளிச்சம் வரும், மெழுகு உருகாது. மணம் போதவில்லை என்று 15 வாட்டுக்குப் பதில் 40 வாட் பல்பைத் திருகுவது இன்னும் மோசம். பல்பு தாங்கியும் கம்பியும் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. வார்மரின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் எல்லை.

அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கோ இலங்கைக்கோ பரிசாக எடுத்து வரப்படும் வார்மர்களில் வேறோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. எளிய மின்தடைக் கம்பியால் சூடேறும் கருவியில் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது 20 வாட் கருவி நம்மூர்ச் சுவரில் 70 வாட்டுக்கு மேல் இழுக்கும். பிளக்கின் உருவத்தை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. கருவியின் அடியில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் செருகலாம், 120 என்று மட்டும் இருந்தால் கூடாது.

மூக்குக்குத் திரும்புவோம். மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்து 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்குச் செயல்படும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400 உண்டு. ஒரு வாசனை விடாமல் வந்து மோதிக்கொண்டிருந்தால் அந்த உணர்செல்கள் தங்கள் பதிலைக் குறைத்துக்கொள்கின்றன, மூளையும் அதைச் செய்தியாக மதிப்பதை நிறுத்திவிடுகிறது. பூக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குப் பூவாசம் தெரியாது, படியேறி வரும் வாடிக்கையாளருக்குத் தெரியும். மாறாதது எதுவோ அதை விட்டுவிட்டுப் புதிதாக வரும் மணத்தைப் பிடிப்பதற்கென்றே வளர்ந்த புலன் இது. புகையும் கெட்டுப்போன சோறும் உடனே தெரிய வேண்டுமல்லவா?

இதைத் தெரிந்துகொண்டவர் வார்மரை நாள் முழுக்க ஓடவிட மாட்டார். விருந்தினர் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு போட்டு, அவர்கள் வரும்போது அணைத்துவிட்டால் போதும். அறையில் தங்கியிருக்கும் மணமே வருகிறவருக்கு நிறைவாகத் தெரியும். தனக்காகப் போடுகிறவர் ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டு, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் மூக்கு புதுப்பிக்கப்பட்டிருக்கும். மணம் இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பை வெளியிலிருந்து வருபவரிடம் விட்டுவிட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் மூக்கு அதற்கு நம்பத்தகுந்த சாட்சி கிடையாது.

எவ்வளவு போடுவது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உதவும். 13 கிராம் வில்லையில் 1.3 கிராம் வாசனை எண்ணெய் இருப்பதாகவும், அது பத்து மணி நேரத்தில் சீராக வெளியேறுவதாகவும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 130 மில்லிகிராம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டே முக்கால் மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 33 கன மீட்டர். சன்னல் சாத்திய அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் காற்று முழுதாக மாறும் என்று கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் வாசனை ஆவி தேங்கும். வீட்டுக்குள் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை வகுத்த படிநிலைகளில் 3 முதல் 10 மில்லிகிராம் வரையிலான அளவு கவலைக்குரிய படியில் வருகிறது. இப்போது அதே வில்லையைக் காலாக வெட்டி, மணிக்கு இருமுறை காற்று மாறும்படி சன்னலைத் திறந்து வைத்தால் அளவு அரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். உண்மையான வில்லை இவ்வளவு சீராக வெளியேற்றாது, முதல் மணியில் கூடுதலாகவும் பிறகு குறைவாகவும் விடும். ஆனாலும் கணக்கின் பாடம் மாறாது. ஒரு கத்தியும் ஒரு சன்னலும் சேர்ந்து பதினாறு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. கால் துண்டு, அதிகம் போனால் அரைத் துண்டு, படுக்கையறை அளவுக்குத் தாராளம்.

இனி அந்தச் சுத்தமான தோற்றத்துக்கு வருவோம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பர்டூ பல்கலைக்கழகம் வீடு போலவே கட்டிய ஓர் ஆய்வகத்தை வைத்திருக்கிறது. நுஸ்ரத் ஜங், பிராண்டன் பூர் ஆகியோரின் குழு அங்கே வாசனை வில்லைகளை உருக்கி, காற்றில் ஒரு நானோமீட்டர் அளவுத் துகள்களைக்கூட எண்ணக்கூடிய கருவிகளால் அளந்தது. 2025இல் வெளியான முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. எதுவும் எரியவில்லை, ஆனாலும் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் பத்து லட்சத்துக்கு மேல் நானோதுகள்கள். எரிவாயு அடுப்பும் சுடரோடு எரியும் மெழுகுவர்த்தியும் உண்டாக்கும் எண்ணிக்கைக்கு இது சளைத்ததில்லை.

எரியாமல் துகள் எங்கிருந்து வந்தது? வெயிலில் வாகனப் புகையிலிருந்து பிறக்கும் ஓசோன் சன்னல் வழியாகவும் காற்றோட்டக் குழாய் வழியாகவும் எல்லா வீட்டுக்குள்ளும் கொஞ்சம் வருகிறது. லிமோனீன் போன்ற டெர்ப்பீன் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்பு உண்டு, ஓசோன் அதைப் பிடித்து உடைக்கும். உடைந்த துண்டுகளில் சில ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகி நானோதுகளாக வளர்கின்றன. ஃபார்மால்டிஹைடு போன்ற சிறு மூலக்கூறுகளும் இதே வினையில் உண்டாகின்றன. வாசனை சேர்க்காத மெழுகை உருக்கியபோது இந்தத் துகள் வெடிப்பு நிகழவில்லை என்பது முக்கியமான சான்று. மெழுகு நிரபராதி, வினை வாசனைக்கும் ஓசோனுக்கும் இடையில்.

அந்த ஆய்வு அளந்தது துகள்களைத்தான், யாருடைய நோயையும் இல்லை. அதை வைத்து வில்லையை விஷமென்று அறிவிப்பது மிகை. ஆனால் இந்த அளவுள்ள துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை. அதனால் ‘புகையில்லை, ஆகவே மாசில்லை’ என்று இனி யாரும் விளம்பரம் செய்தால் நம்பக் காரணமில்லை. நடைமுறையில் இதிலிருந்து சில முடிவுகள் கிடைக்கின்றன. நகரத்தில் ஓசோன் பொதுவாக உச்சத்துக்குப் போகும் சுட்டெரிக்கும் பிற்பகலில் வில்லையைத் தவிர்த்துக் காலையிலோ இரவிலோ போடலாம். ஓசோன் உண்டாக்கும் அயனிக் காற்றுச் சுத்திகரிப்பானையும் வாசனை வில்லையையும் ஒரே அறையில் ஓடவிடுவது இரண்டு வினைபொருள்களையும் கையாலேயே கலப்பதற்குச் சமம். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில், கைக்குழந்தை தூங்கும் அறையில் வாசனை வில்லைக்கு இடமே வேண்டாம். இதில் இந்த ஆசிரியர் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யமாட்டார்.

டீ லைட் எனப்படும் சின்ன அலுமினியத் தட்டு மெழுகுவர்த்தியால் சூடேறும் பீங்கான் வார்மரில் ஆபத்து வேறு வகை. சுடரின் நுனிக்கும் கிண்ணத்துக்கும் இடைவெளி போதாவிட்டால் மெழுகு அளவுக்கு மீறிக் காயும். பாரஃபினின் ஆவி தீப்பற்ற 200 டிகிரி அளவுச் சூடு வேண்டும். வாசனை எண்ணெய்கள் பலவற்றுக்கு அதைவிட மிகக் குறைவே போதும். நான்கு மணி நேரம் எரியும் டீ லைட்டுக்காகச் செய்த வார்மரில் எட்டு மணி நேரம் எரியும் பெரியதைச் செருகுவதும், வெறும் கிண்ணத்துக்கு அடியில் சுடரை விட்டுவைப்பதும் கூடாத காரியங்கள். கிண்ணத்தில் மெழுகு புகையத் தொடங்கினால் உடனே சுடரை அணைக்க வேண்டும். தீயே பற்றிவிட்டால் உலோக மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. கனமான தண்ணீர் உருகிய மெழுகுக்கு அடியில் இறங்கி, நொடியில் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகி நீராவியாகும்போது எரியும் மெழுகைச் சுவர்வரை தெறிக்கவைக்கும்.

மின்சார வார்மரில் தீ அபாயம் குறைவு, தோல் வெந்துபோகும் அபாயம் குறைவில்லை. 60 டிகிரித் தண்ணீரே ஐந்து நொடியில் ஆழமான புண் உண்டாக்கப் போதுமானது. தண்ணீர் வழிந்துவிடும், மெழுகு ஒட்டிக்கொண்டு சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அப்படிப் பட்டுவிட்டால் பிய்த்தெடுக்க முயலாமல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். தவழும் குழந்தை மின்கம்பியைப் பிடித்து இழுத்தால் என்ன விழும் என்று யோசித்துத்தான் வார்மருக்கு இடம் பார்க்க வேண்டும்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பினால் வகைச் சேர்மங்களைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளில் முக்கியமான ஒன்று பூனைக்குச் செயலிழந்து கிடக்கிறது. அத்தகைய வாசனைச் சேர்மம் உள்ள மெழுகு உடலில் தெறித்து, பூனை அதை நக்கிச் சுத்தம் செய்யும்போது, மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவே அதற்கு மிகையாகலாம். கூண்டுப் பறவைகளின் நுரையீரல் காற்றிலிருப்பதை மிகத் திறமையாக உள்வாங்குவதால் அவை இருக்கும் அறையிலும் வேண்டாம்.

நாற்றத்தை மறைக்கவே பலர் வில்லையை நாடுகிறார்கள், அதற்குத்தான் அது மிகக் குறைவாக உதவும். மீன் நாற்றத்தின் முக்கியக் காரணம் டிரைமெத்திலமைன் என்ற காரத்தன்மையுள்ள ஆவி. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் அது உப்பாக மாறி ஆவியாகும் குணத்தை இழந்துவிடும். மேடையையும் பாத்திரத்தையும் புளிப்பால் துடைத்து, எக்ஸாஸ்ட் விசிறியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் நாற்றம் உண்மையிலேயே போய்விடும். வில்லை அதை அகற்றாது, மேலே வேறொரு மணத்தைப் பூசும். சில நாற்றங்களை மறைக்கவே கூடாது. சுவரில் பூஞ்சை, கருகும் ஒயர், எரிவாயுக் கசிவைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே சேர்க்கப்படும் மெர்காப்டான் ஆகியவை வீடு தரும் எச்சரிக்கைகள். எரிவாயு வாடை லேசாக வந்தாலும் வார்மரின் சுவிட்சைத் தொடாமல், சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

வாசனை தீர்ந்த மெழுகைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாயின் முதல் வளைவிலேயே உறைந்துவிடும். வெந்நீர் விட்டால் அடைப்பு கொஞ்சம் தள்ளிப்போய் அடுத்த வளைவில் உட்காரும். வார்மரை அணைத்து, சூடு தணியத் தொடங்கியதும் கையில் படாதவாறு இடுக்கியால் பஞ்சை வைத்து ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுவதே எளிது. கிண்ணம் தனியாகக் கழலுமென்றால் ஆறவைத்து, உறைபெட்டியில் சில நிமிடம் வைத்தால் மெழுகு சுருங்கி ஒரே வட்டாகக் கழன்றுவரும். பிறகு காகிதத்தால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கடைசிவரை போகாமல் தங்கிய பழைய வெனிலின், அடுத்து வைக்கும் எலுமிச்சை வில்லையோடு கலந்து இரண்டின் மணத்தையும் கெடுத்துவிடும்.